சாவியைத் திருப்பிய கை

பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர் திண்டுக்கல். பூட்டு திறக்கப்பட்டுப் பொருள் களவு போனால், சாவியையா சிறையில் தள்ளுகிறோம்? சாவியைத் திருப்பிய கையை அல்லவா தேடுகிறோம்! சிறுவனை ஏவிக் குற்றம் செய்விக்கும் பெரியவனைப் பற்றிப் பேசும்போதும் இந்தக் கேள்வியே எழுகிறது. ஆனால் சாவிக்கு மனம் இல்லை, சிறுவனுக்கு உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சிறுவனை ஏன் நாடுகிறான் கயவன்? சிறுவன் திருந்தட்டும் என்று சட்டம் இரக்கம் காட்டுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குற்றம் செய்த சிறுவனை அதிகம் போனால் மூன்றாண்டுகள் சிறப்பு இல்லத்தில் வைக்கலாம். அந்த இரக்கத்தையே கயவன் தனக்குக் கேடயமாக்கிக் கொள்கிறான். கஞ்சாப் பொட்டலத்தைப் பையன் கையில் கொடுக்கிறான், அரிவாளையும் கொடுக்கிறான். "பையன்தானே, வெளியே வந்துவிடுவான்" என்று கணக்குப் போடுகிறான். மழை பொய்த்த ஆண்டில், சமவெளிக் கிராமங்களில் அடுப்பு எரியாத வீடு எது என்று அவனுக்குத் தெரியும். பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே வெற்றிடங்கள் பெருகும்போது, அந்தப் பிள்ளையை யார் அழைத்துப் போனார் என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

"வயதைக் குறை, பையனையும் தூக்கிலிடு" என்று கூவுவோர் உளர். 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கொடுமைக்குப் பின் அந்தக் கூச்சல் ஓங்கிற்று. பதினாறு வயது நிரம்பியவர் கொடுங்குற்றம் புரிந்தால், ஆராய்ந்து பார்த்தபின் பெரியவரைப் போல விசாரிக்கவும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. அதே சட்டத்தின் 83ஆம் பிரிவை எத்தனை பேர் படித்தனர்? சட்டவிரோதச் செயலுக்குக் குழந்தைகளைப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் தண்டம்! 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 95ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. குற்றம் செய்யக் குழந்தையை அமர்த்தினால் மூன்றாண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை சிறை. குற்றம் நடந்துவிட்டால், அமர்த்தியவனே அதைச் செய்தது போலத் தண்டனை. விதி ஏட்டில் இருக்கிறது. ஏவியவனைத் தேடும் ஊக்கம் இருக்கிறதா?

ஏவுவோர் எல்லாரும் கயவர் அல்லர், பாசக்காரரும் உண்டு. உரிமம் பெறும் வயது வராத மகனிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, "என் பிள்ளை பறக்கிறான் பார்" என்று பூரிக்கும் தந்தையைக் காணாத தெரு நம்மூரில் உண்டா? 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அந்தத் தந்தைக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கிறது. 2024 மே மாதம் புனே நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய விலையுயர்ந்த கார் மோதி, இளம் பொறியாளர் இருவர் மாண்டனர். விபத்தைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொல்லிப் பையனுக்குப் பிணை தந்தனர். நாடு கொதித்தெழுந்த பிறகே தந்தை கைதானார். செல்லம் கொலைக்கருவியாக மாறிய கதை அது.

பாரதக் கதையைப் பக்தியோடு படிப்போரைக் கேட்கிறோம்: சக்கர வியூகத்துள் நுழையத் தெரிந்து, வெளியேறத் தெரியாத அபிமன்யுவை உள்ளே அனுப்பியவர் யார்? "பின்னாலேயே வருகிறோம்" என்ற பெரியவர்கள் வந்து சேர்ந்தார்களா? இளைஞனின் வீரத்தைப் பாடியே அனுப்பியவரின் பொறுப்பை மறைத்துவிட்டோம்.

"போராட்டத்திற்கு இளைஞரை அழைக்கும் உங்களுக்கு இது பொருந்தாதா?" என்று நம்மையும் கேட்பர். கேட்கட்டும், நேர்மையான கேள்விதான். 1938இல் பட்டுக்கோட்டை அழகிரியின் பேச்சால் எழுச்சி கொண்டு, பதினான்கு வயதில் இந்தி எதிர்ப்பில் இறங்கினார் கலைஞர். அந்த அழகிரியோ, திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையில் தாமே நடந்தவர். 1963 மே மாதம் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் நிறவெறியை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரம் பேருக்கு மேல் அணிவகுத்தனர். நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் அவர்கள்மீது ஏவினர். பிள்ளைகளைக் களத்தில் நிறுத்தியதை மால்கம் எக்ஸ் கண்டித்தார். அங்கே தலைவர் மார்ட்டின் லூதர் கிங் முந்தைய மாதமே சிறை சென்றிருந்தார். பிள்ளைகள் கேட்டதும் தங்களுக்கே உரிய உரிமை. ஆயினும் மால்கமின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அறம் நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக நாயின் பல் பிள்ளையைக் கடிக்காமல் விடுமா?

எனவே மூன்று உரைகல் வைப்போம். பயன் யாருக்கு, பிள்ளைக்கா, அழைத்தவனுக்கா? அழைத்தவன் முன்னே நிற்கிறானா, பின்னே பதுங்குகிறானா? "மாட்டேன்" என்று அஞ்சாமல் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டா? கயவன் மூன்றிலும் தோற்பான். செல்லத் தந்தை முதலிரண்டில் தோற்பான். நாம் தேறுகிறோமா என்பதை ஒவ்வொரு முறையும் உரசிப் பார்த்தாக வேண்டும்.

பையனுக்கு மனம் உண்டு. ஆகவே அவனுக்கும் பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பை உணர்த்தித் திருத்துவது கல்வியின் வேலை. அவனை வெறும் சாவியாக்கிய கையைப் பிடிப்பது நீதியின் வேலை. முன்னதை மட்டும் செய்து பின்னதை விட்டால், ஒரு பையன் திருந்தி வருமுன் அந்தக் கை இன்னொரு பையனைத் தேடிப் போயிருக்கும்.