ஆற்றங்கரையிலும் அளவு

பிறருடைய வீண்செலவைச் சுட்டித் தம் வீண்செலவுக்கு நியாயம் தேடுவது மனிதருக்குப் பழகிப்போன வழக்கம். அது கணினி உலகிலும் புகுந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு மின்சாரத்தை விழுங்குகிறது என்று ஒருவர் குறைகூறினால், "மூல நிரலிலிருந்து மென்பொருளைத் தாமே ஆக்கிக்கொள்வோர் செலவழிப்பதைவிடவா?" என்று மறுமொழி வருகிறது. இவ்வாதத்தைச் சற்று எடைபோட்டுப் பார்ப்போம்.

மென்பொருள், மனிதர் எழுதும் மூல நிரலாகப் பிறந்து, பின்னர் கணினிக்கு விளங்கும் வடிவுக்கு மாற்றப்படுகிறது. சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து 2007இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ் போன்றவற்றில் இம்மாற்றம் ஓரிடத்தில் முடிந்து, ஆயத்த வடிவமே பயனருக்குக் கிடைக்கிறது. 'ஜென்டூ' லினக்ஸ் வைத்திருப்போரோ பெரும்பாலும் இவ்வேலையைத் தத்தம் வீட்டிலேயே செய்துகொள்கின்றனர். கல்யாணச் சோற்றை ஒரே தேக்சாவில் ஆக்கிப் பரிமாறுவதற்கும் வீடுதோறும் உலை வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

150 வாட் வாங்கும் கணினி 10 மணி நேரம் இவ்வேலையில் ஓடினால் ஒன்றரை யூனிட் ஆகும். ஜெமினியிடம் எழுத்தில் கேட்கும் ஒரு நடுத்தரக் கேள்விக்கு 0.24 வாட்-மணி செலவாகிறது என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அவ்வாறாயின் அந்த ஒன்றரை யூனிட்டில் ஆறாயிரம் கேள்விகளுக்கு மேல் கேட்டுவிடலாம். கணக்கில் பிழையில்லை.

ஆனால் அக்கணக்கில் வராதவை உள. விடை சொல்லுமுன் அந்த இயந்திரம் பயிற்சி பெற வேண்டும். ஜிபிடி-3 என்னும் பழைய மாதிரியின் பயிற்சிக்கு மட்டும் சுமார் 13 லட்சம் யூனிட் செலவாகியிருக்கும் என 2021இல் ஆய்வாளர் மதிப்பிட்டனர். தமிழ்நாட்டில் இரு மாதத்திற்கு வீடொன்றுக்கு விலையின்றி வழங்கப்படும் 100 யூனிட்டை 13,000 வீடுகளுக்குக் கொடுத்தால் எவ்வளவோ, அவ்வளவு. அன்றியும், வீட்டில் உலை வைப்போர் சிலர். கேள்வி கேட்போரோ கோடிக்கணக்கானோர். உலகின் தரவு மையங்கள் அனைத்தும் 2024இல் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் செலவழித்தன என்றும், 2030க்குள் அது இருமடங்கைத் தாண்டும் என்றும், அவ்வளர்ச்சிக்குச் செயற்கை நுண்ணறிவே முதற்காரணம் என்றும் சர்வதேச எரிசக்தி முகமை கூறுகிறது.

நமது செம்பட்டி வட்டாரத்தாருக்கு இது விளங்காத செய்தியன்று. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்கு மின்கட்டணம் இல்லை. ஏழை உழவருக்கு அது பேருதவி. அதைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும், பில் வராத மோட்டாரை நிறுத்த யாருக்கும் அவசரம் இருப்பதில்லை. கிணறு வற்றிய இடத்தில் ஆழ்துளை போடுகிறார்கள். அதுவும் வற்றினால் இன்னும் ஆழமாகப் போடுகிறார்கள். எந்த ஒரு மோட்டாரும் தனியே நிலத்தடி நீரை வற்றச் செய்துவிடவில்லை. "என் பங்கு சிறிது" என்று ஒவ்வொருவரும் சொன்னது உண்மைதான்.

'இஸ்ராஃப்' என்னும் அரபுச் சொல்லுக்கு எல்லை கடத்தல் என்பது பொருள். ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்பவரும் தண்ணீரை அளவுமீறிச் செலவழிக்கலாகாது என்பது மார்க்கத்தின் போதனை. அவர் அள்ளுவதால் ஆறு குறையாது. பக்கத்தில் இருப்பவருக்கும் நஷ்டமில்லை. இருந்தும் தடை. ஆகவே இங்கே அளவுகோல் ஆற்றின் பெருக்கமன்று, அடுத்தவரின் கையுமன்று. அள்ளுபவரின் தேவை ஒன்றே.

இந்த அளவுகோலை வைத்தால் இரு சாராரின் வழக்கும் மாறிவிடுகிறது. நிரலைப் படித்துச் சோதித்து, கற்கும் பொருட்டுத் தாமே ஆக்கிக்கொள்பவரின் ஒன்றரை யூனிட் வீணன்று. அதற்குரிய கட்டணமும் அவர் வீட்டு மீட்டரிலேயே ஏறுகிறது. மருந்துச் சீட்டின் பொருள் புரியாமல் இயந்திரத்திடம் விளக்கம் கேட்கும் முதியவரின் கேள்வியும் வீணன்று. மைத்துனர் வீட்டு மவுத்துக்கு அனுதாபக் கடிதம் எழுதக்கூட இயந்திரத்தை நாடுவதை என்னவென்பது! அங்கே மின்சாரம் போனது சிறு நஷ்டம்.

கேள்வியே கேட்காதவரின் பெயரில் நடக்கும் செலவு தனி வகை. 2024 முதல் நம் நாட்டில் கூகுளில் ஏதேனும் தேடினால், பல வேளைகளில் நாம் கேட்காத ஒரு சுருக்கவுரை முதலில் வந்து நிற்கிறது. அங்கே குழாயைத் திறந்தது நம் கையன்று. அதை நிரந்தரமாக மூடிவைக்கும் திருகையும் அந்நிறுவனம் நம் கையில் கொடுக்கவில்லை.