கப்பம் கட்டாத ஜீப்

தம்பி, மாதம் பிறந்து ஐந்தாம் தேதி உன் போன் ஒரு சத்தம் போடுகிறதே, வண்டித் தவணை எடுத்தாயிற்று என்று. அந்த நேரத்தில் உன் முகத்தை என்றைக்காவது கண்ணாடியில் பார்த்திருக்கிறாயா? நான் பார்த்திருக்கிறேன், என் முகத்தை.

நெற்கட்டும்செவல் நமக்குப் பக்கத்து ஊர். 1755-இல் ஆங்கிலேயக் கர்னல் ஹெரான் படையோடு வந்து கப்பம் கேட்டபோது தர முடியாது என்று சொன்ன பாளையக்காரர் பூலித்தேவனின் ஊர். அவர் கடைசியில் நம் சங்கரநாராயணர் கோயிலுக்குள் நுழைந்து மறைந்துபோனார் என்று கதை கேட்டு வளர்ந்த பிள்ளை நீ. அவர் பெயரைச் சொன்னதும் மீசையைத் தடவுகிறாய். அதே கையால் 60 மாதக் கப்பத்துக்குக் கையெழுத்தும் போடுகிறாய். 10 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதம் 21,247 ரூபாய். வட்டி மட்டும் 2 லட்சத்து 74 ஆயிரத்துக்கு மேல் போகும். அந்த வட்டிக் காசை வைத்தே நல்ல பழைய ஜீப் ஒன்றைத் தேட ஆரம்பிக்கலாம்.

கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. விசைத்தறி போடக் கடன் வாங்கு. தறி ஓடி உன் கடனைக் கட்டும். கல்யாண மண்டப வாசலில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பதற்காகக் கடன் வாங்குகிறாயே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. திரும்பிப் பார்த்த நாலு பேரும் பந்தியில் உட்கார்ந்ததும் இலையைத்தான் பார்க்கப் போகிறார்கள்.

உனக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி உண்மையிலேயே வேண்டுமா என்று முதலில் உன்னையே கேள். ராஜபாளையத்துக்கும் திருநெல்வேலிக்கும் தார் ரோட்டில் போய் வருகிறவன் சின்னக் கார் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். இதற்கு மேல் வாசிக்க வேண்டியதில்லை. திருவேங்கடம், குருவிகுளம் பக்கம் கரிசலில் புஞ்சை வைத்திருக்கிறாயா? புளியங்குடி, வாசுதேவநல்லூர் மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோப்பு இருந்து, நடுவில் ஓடையைத் தாண்ட வேண்டுமா? அப்படியானால் உட்கார், பேசுவோம். ஐப்பசியில் ஒரு மழை விழுந்ததும் கரிசல் மண் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். தண்ணீரைக் குடித்து உப்பி, டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு பைக் சக்கரத்தைச் சுற்றவே விடாது. அந்த மண்ணுக்கு உன் புது வண்டியின் பளபளப்பு ஒரு பொருட்டே இல்லை.

நான் முதலில் வாங்கிய ஜீப்பின் கதையைச் சொல்கிறேன். யாரிடம் வாங்கினேன் என்பது வேண்டாம். மீட்டர் 82,000 காட்டியது. பின்னால் ‘ஃபோர் வீல் டிரைவ்’ என்று பெரிய ஸ்டிக்கர். பெயிண்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அரை மணி நேரத்தில் பேசி முடித்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, கழுத்தில் மாலையோடு கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு வாரம் ராஜா மாதிரி இருந்தேன்.

அடுத்த வாரம் மழை. புஞ்சையிலிருந்து ஆறு மூட்டை உளுந்தை ஏற்றிக்கொண்டு வண்டிப்பாதையில் வருகிறேன். பின்சக்கரம் வழுக்கியது. பெருமையாகச் சின்னக் கியரைப் பிடித்து இழுத்து ஃபோர் வீலில் போட்டேன். பின்சக்கரம் மட்டும் சுற்றியது, முன்சக்கரம் அசையவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி அச்சு வரைக்கும் புதைந்து வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. பக்கத்துப் புஞ்சைக்காரர் டிராக்டரோடு வந்தார். சங்கிலி மாட்ட முன்பக்கம் குனிந்தவர், டார்ச்சை அடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன அண்ணாச்சி?”

“தம்பி, முன்னாடி ஷாஃப்டே இல்லையேப்பா. கழட்டி வித்திருக்காங்க.”

முன் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டையே காணோம். தார் ரோட்டில் மட்டும் ஓட்டுகிற பலர் பாரம் குறையட்டும், டீசல் மிஞ்சட்டும் என்று அதைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இரவு பட்டறை வெளிச்சத்தில் பார்த்தால், பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து பழைய சோப்புக்கட்டி போல வழவழவென்று இருந்தது. 82,000 கிலோமீட்டரில் எந்தக் காலும் ரப்பரை அப்படித் தேய்க்காது. மீட்டரைத் திருப்பியிருக்க வேண்டும், இல்லை அது ஒரு சுற்று முடித்து வந்திருக்க வேண்டும். பழைய ஜீப் மீட்டர்களில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் தானாகவே பூஜ்யத்துக்கு வந்து நிற்கும், திருப்பக்கூடத் தேவையில்லை.

அன்றைக்கு என்னை ஏமாற்றியவன் மேல் பாதிக் கோபம், குனிந்து பார்க்காமல் வாங்கிய என் மேல் மீதிக் கோபம். ‘நமக்கு இதெல்லாம் தெரியாதுப்பா, மெக்கானிக் பார்த்துப்பார்’ என்று எத்தனை நாள் சொல்லியிருக்கிறேன்! பணிவு மாதிரி தெரிகிற சோம்பேறித்தனம் அது. மறுநாள் காலை சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். தன்னம்பிக்கை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறாயே, எனக்கு அது அந்தச் சாக்கின் மேல், முகத்தில் கிரீஸ் சொட்டச் சொட்டத்தான் கிடைத்தது.

‘ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டியா, வேண்டவே வேண்டாம்’ என்பவர்களைச் சூரியநெல்லிக்குக் கூட்டிக்கொண்டு போ. அங்கிருந்து கொழுக்குமலைக்கு, நம் தேனி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு, ஏறத்தாழ 8,000 அடி உயரத்துக்கு, பாறையும் பள்ளமுமான தடத்தில் ஜீப்புகள் ஏறி இறங்குகின்றன. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளைப் பார். ஓட்டத்தைக் கணக்குப் பார்த்தால் மயக்கம் வரும். ஆனாலும் ஓடுகின்றன, ஏனென்றால் ஓட்டுகிறவனுக்கு ஒவ்வொரு சத்தமும் தெரியும். எந்தப் போல்ட் தளர்ந்தால் எந்த இடம் முனகும் என்று இருட்டில் சொல்லுவான். 1940-களின் கடைசியில் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பைக் கோக்க ஆரம்பித்ததிலிருந்து அந்த வம்சம் இந்த நாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் பாகம் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸிக்கும் பெரிய கூட்டம் உண்டு. அது பெட்ரோல் குடிக்கும், குதிக்கும், ஆனால் எடை குறைவு என்பதால் சேற்றில் மிதந்து போகும். 2010-இல் வந்த தார் டீசல் வண்டி கொஞ்சம் புதிய காலத்துப் பிள்ளை. அதில் காமன் ரெயில் இன்ஜின் என்றால் மின்னணு வைத்தியமும் வேண்டும் என்பதை நினைவில் வை. என் ஓட்டு, பக்கத்து ஊர்ப் பட்டறையிலேயே பிரித்து மாட்டக்கூடிய வண்டிக்குத்தான்.

பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான இன்ஜின் எல்லா நோயையும் மறைத்துவிடும். முதல் சாவியில் எப்படி உயிர் வருகிறது என்று கேள். புகையைப் பார்: நீலமாக வந்துகொண்டே இருந்தால் இன்ஜின் ஆயிலைத் தின்கிறது, கறுப்பு என்றால் நாசில், பம்ப், இல்லை ஏர் ஃபில்டர், சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று சந்தேகப்படு. ஓடுகிற இன்ஜினில் ஆயில் மூடியைத் திற. புகைபோக்கி மாதிரி குபுகுபுவென்று அடித்தால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. முழு இன்ஜின் வேலைக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டும். மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வா.

உடம்பில் பட்டி பார்த்து மறைத்த இடங்களில் காந்தம் ஒட்டாது. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றித் தடவிப் பார். பட்டியைக்கூட மன்னிக்கலாம், சேசிஸ் துருவை மன்னிக்காதே. அடியில் படுத்துச் சேசிஸை ஒரு சின்ன ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வா. கணீர் என்று கேட்க வேண்டும். ‘சொத்’ என்று கேட்டால் அங்கே இரும்பு போய்விட்டது. சேசிஸ் நம்பரை ஆர்.சி. புக்கோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடு.

பிறகு மண் தரைக்கு ஓட்டிப் போய் ஃபோர் ஹையில் போடச் சொல், ஃபோர் லோவிலும் போடச் சொல். முன்சக்கரம் மண்ணைப் பறிக்கிறதா என்று கீழே நின்று உன் கண்ணால் பார். நம் ஊர்க்காரனுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பாதி ஹரன், பாதி ஹரி, இரண்டும் ஒரே உடம்பாக நிற்கிற சந்நிதி நம்முடையது. ஃபோர் ஹை போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் அப்படித்தான் ஒன்றாகிவிடும். ஆனால் வளைவில் திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, கியர்களை முறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே தாரில் டூ வீல், மண்ணில் ஃபோர் வீல். நாலு டயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் பிறந்தது. கட்டை நன்றாக இருந்தாலும் வயசான டயர் வயசான டயர்தான்.

கையில் 4 லட்சம் இருந்தால் 3 லட்சத்துக்கு வண்டி தேடு. மீதி 1 லட்சத்தைத் தொடாதே, அது வண்டியின் பணம். முதல் மாதமே எல்லா ஆயிலும், ஃபில்டர்களும், பெல்ட்டும், பிரேக் வேலையும் அதிலிருந்துதான் போகும். ஒன்று பிடிக்கவில்லையா, அடுத்ததைப் பார். கோமதியம்மாள் ஊசிமுனையில் நின்று தவம் செய்தாள் என்று ஆடித்தபசுக்கு லட்சக்கணக்கில் கூடுகிறோம். உனக்கு மூன்று மாதம் வண்டி தேடப் பொறுமை இல்லை என்றால் எப்படி?

காகிதத்தில் ஏமாறுகிறவன்தான் அதிகம். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. பார்த்து 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டுத் திருத்தத்தில் 20 வருடம் தாண்டிய வண்டிக்கு அது 10,000 ஆனது. பசுமை வரி தனி. டெல்லிப் பக்கத்திலிருந்து மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், தடையில்லாச் சான்று, இங்கே கட்டும் வரி, மறுபதிவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று சொல். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்றி, 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்று. ‘பேர் மாத்துறது மெதுவாப் பாத்துக்கலாம்’ என்பவனை நம்பாதே. விற்ற பிறகும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாளைக்கு நீ விற்கும்போது அந்தப் பெயர் உன்னுடையது. வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அகல டயர், தூக்கிக்கட்டிய உடம்பு என்று வேஷம் போட்ட வண்டியை விட்டு விலகு.

வாங்கியாயிற்றா? கடையில் 100 பக்க நோட்டு ஒன்று வாங்கு. தேதி, ஓட்டம், செலவு. என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘இன்ஜின் ஆயில், ஃபில்டர். முன் க்ராஸ் மாற்றியது. கிங் பின் கிரீஸ். டீசல் ஃபில்டரில் தண்ணீர் இருந்தது, வடித்தது.’ ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் என்பது என் கணக்கு. கரிசல் புழுதியில் ஓடுகிறவன் ஏர் ஃபில்டரை மாதம் ஒருமுறையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றாதே, கூலன்ட் ஊற்று. உப்புத் தண்ணீர் இன்ஜினை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு அச்சு, இந்த மூன்று இடத்து ஆயிலையும் உனக்கு முன்னால் வைத்திருந்தவன் மறந்திருப்பான், நீ மறக்காதே. சேற்றிலிருந்து வந்த அன்றே அடிப்பக்கத்தைக் கழுவு. மழையே இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை மண் தரையில் ஃபோர் வீலில் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டு. வேலையில்லாமல் கிடக்கிற கியர் இறுகிவிடும்.

தங்கச்சி, இது உனக்கும் சேர்த்துத்தான். ஸ்பேனருக்கு ஆண் கை, பெண் கை தெரியாது.

பங்காளிகள் சிரிப்பார்கள். ‘பழைய இரும்புக்கடையா வச்சிருக்கான்’ என்பார்கள். சிரிக்கட்டும். அடுத்த ஐப்பசியில் அவர்கள் வண்டி வண்டிப்பாதையில் புதைந்து நிற்கும்போது போன் உனக்குத்தான் வரும். போ, சங்கிலியைக் கட்டி இழுத்து விடு. ஒரு வார்த்தை குத்திப் பேசாதே. அவர்களுக்கும் ஐந்தாம் தேதி வரும்.

இன்றைக்கே யாருக்காவது போன் போடு. “அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு வண்டி பாக்க வாரேன். நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிறாதீங்க” என்று சொல். ஒரு டார்ச், ஒரு காந்தம், ஒரு சின்ன ஸ்பேனர், படுக்க ஒரு சாக்கு எடுத்துக்கொண்டு போ. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதே.