கைப்பிடிச் சுவரும் கல்வாரிச் சிலுவையும்



வேதபாட வகுப்பில் எந்த ஊரிலும் தவறாமல் எழும்புகிற கேள்வி ஒன்று உண்டு. "பாஸ்டர், மோசேயின் நியாயப்பிரமாணம் நமக்கு உண்டா, இல்லையா?" கேட்டவுடனே இரண்டு கட்சி உண்டாகிவிடும். ஒரு சகோதரர், "அதெல்லாம் சிலுவையிலேயே முடிஞ்சு போச்சு, நாம கிருபையின் காலத்துல இருக்கோம்" என்பார். இன்னொருவர், "தேவன் மாறாதவர், அவர் வார்த்தை எப்படி மாறும்? பன்றி அன்னைக்கும் அசுத்தம், இன்னைக்கும் அசுத்தம்" என்பார். டீ ஆறிப்போகும், வாக்குவாதம் ஆறாது.

ஆனால் இந்த இரண்டு பேருடைய வீட்டையும் கொஞ்சம் பாருங்கள். "முடிஞ்சு போச்சு" என்றவர் மாதம் பிறந்ததும் தசமபாகத்தைத் தனியே எடுத்து வைக்கிறார். "மாறவே இல்லை" என்றவர் டெரிகாட்டன் சட்டை போட்டிருக்கிறார். இருவகை நூல் கலந்த வஸ்திரம் கூடாது என்கிற லேவியராகமம் 19:19 அவருக்கு ஞாபகமே வரவில்லை. ஆக, வாயினால் என்ன சொன்னாலும் நாம் எல்லாரும் நியாயப்பிரமாணத்தில் சிலதை எடுக்கிறோம், சிலதை விடுகிறோம். எந்த அளவுகோலை வைத்து எடுக்கிறோம்? என் மனதைக் குத்துகிற கேள்வி அதுதான்.

முதலாவது ஒரு காரியத்தில் சந்தேகமே வேண்டாம். நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினால் ஒருவனும் நீதிமானாவதில்லை. யூத மரபு 613 கட்டளைகள் என்று எண்ணியிருக்கிறது. செய் என்பது 248, செய்யாதே என்பது 365. அத்தனையையும் ஒருவன் கைக்கொண்டாலும் அவன் பரலோகத்துக்குள் போகிற வாசல் இயேசுவின் இரத்தம் ஒன்றே. பலிகளைக் குறித்து எபிரெயர் நிருபம் தெளிவாய்ப் பேசுகிறது: நிழல் வந்தது, பொருள் வந்தபின் நிழலுக்கு வேலையில்லை. கி.பி. 70-ல் ரோமர் எருசலேம் தேவாலயத்தை இடித்தபின் யூதர்களாலும் அந்தப் பலிகளைச் செலுத்த முடியவில்லை. புறஜாதியாருக்கு விருத்தசேதனம் தேவையில்லை என்று அப்போஸ்தலர் 15-ல் எருசலேம் சபையே கூடித் தீர்த்துவிட்டது.

அப்படியானால் கிழித்துப் போட்டுவிடலாமா? அப்படிச் செய்தவன் ஒருவன் இருந்தான். மார்சியோன் என்று பெயர், சினோப்பே பட்டணத்துக் கப்பல் வியாபாரி. பழைய ஏற்பாட்டுத் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று போதித்து, பழைய ஏற்பாட்டையே தள்ளிவிட்டு, வெட்டிக் குறைத்த லூக்கா சுவிசேஷத்தையும் பவுலின் பத்து நிருபங்களையும் மாத்திரம் வைத்துக்கொண்டான். கி.பி. 144 வாக்கில் ரோமாபுரி சபை அவனை விலக்கிவிட்டது. விலக்கியது சரிதான். வேதவாக்கியமெல்லாம் பிரயோஜனமுள்ளது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினபோது, அந்த வாலிபன் சிறுவயது முதல் படித்த வேதம் எது? பழைய ஏற்பாடுதானே! நாம் "நியாயப்பிரமாணம்" என்றவுடன் கோர்ட்டும் வக்கீலும் ஞாபகத்துக்கு வருகிறார்கள். எபிரெயத்தில் அந்த வார்த்தை தோரா. அதற்குப் போதனை என்று அர்த்தம். தகப்பன் பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி.

வேத பண்டிதர்கள் இதற்கு ஒரு வழி சொல்வார்கள். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், 16-ஆம் நூற்றாண்டில் கால்வின், இரண்டு பேருமே நியாயப்பிரமாணத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒழுக்கச் சட்டம், ஆராதனைச் சட்டம், இஸ்ரவேல் தேசத்தின் சட்டம். முதலாவது நிலைக்கும், மற்ற இரண்டும் ஓய்ந்தன என்பது போதனை. நல்ல உதவிதான், நானும் வகுப்பில் இதைச் சொல்லியே ஆரம்பிக்கிறேன். ஆனால் வேதத்தைத் திறந்தால் இப்படி மூன்று அலமாரியில் அடுக்கி வைத்திருக்கவில்லை. லேவியராகமம் 19-ஐ வாசியுங்கள். கூலிக்காரனுடைய கூலி 13-ஆம் வசனம், பிறனிடத்தில் அன்புகூருதல் 18-ஆம் வசனம், கலப்பு நூல் வஸ்திரம் 19-ஆம் வசனம். எல்லாம் ஒரே மூச்சில் வருகிறது.

உபாகமம் 22:8 என்ன சொல்கிறது தெரியுமா? நீ புதுவீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வை, ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்கிறது. இது எந்த அலமாரி? பலியா, பண்டிகையா? இல்லை. பத்துக் கட்டளையில் இருக்கிறதா? இல்லை. பார்க்கப்போனால் முனிசிபாலிட்டி விதி மாதிரி இருக்கிறது! "இது அந்த தேசத்துச் சட்டம், நமக்கில்லை" என்று தாண்டிப் போய்விடுவோம். கொஞ்சம் நில்லுங்கள்.

அந்த நாட்டு வீடுகளுக்குத் தட்டையான கூரை. ராகாப் சணல் தட்டைகளை அங்கேதான் பரப்பி வேவுகாரரை மறைத்தாள். பேதுரு ஜெபம்பண்ண ஏறினது அங்கேதான். வெயில் காலத்தில் நம் ஜனங்கள் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுக்கிறார்கள் அல்லவா, அதே பழக்கம். இருட்டில் எழுந்து நடக்கிற விருந்தாளி, ஓடி விளையாடுகிற அடுத்த வீட்டுப் பிள்ளை, இவர்களுடைய உயிர் உன் பொறுப்பு என்கிறார் கர்த்தர். சீனாய் மலையில் அக்கினியாய் இறங்கின தேவன் ஒருவன் வீட்டு மாடியின் ஓரத்தை யோசித்துப் பார்க்கிறார்!

யூத ரபிமார் இந்தச் சுவருக்குப் பத்துக் கையகல உயரம் வேண்டும் என்று அளவு வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. ரபி நாத்தான் என்பவர் இந்த ஒரே வசனத்தைக் கொண்டு, கடிக்கிற நாயை வீட்டில் வளர்க்காதே, ஆடுகிற ஏணியை வீட்டில் நிறுத்தாதே என்று போதித்ததாகத் தல்மூதில் இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடிக்கும். ஓட்டு வீட்டில் குடியிருக்கிறவன் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டிய அவசியமில்லை. ஆனால் அவன் வீட்டு ஏணி?

அப்போஸ்தலனாகிய பவுலும் இப்படித்தான் வாசித்தார். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்பது உபாகமம் 25:4. அதை 1 கொரிந்தியர் 9-ல் எடுத்து, மாட்டைப் பற்றி மாத்திரமா தேவனுக்குக் கவலை என்று கேட்டு, உழைக்கிறவன் உழைப்பின் பலனில் பங்கு பெறவேண்டும் என்கிறார். பவுல், "நாம் கிருபைக்குட்பட்டவர்கள், மாட்டுச் சட்டம் நமக்கெதற்கு" என்று தள்ளவில்லை. கொரிந்துப் பட்டணத்து விசுவாசிகளை மாடு வாங்கச் சொல்லவும் இல்லை. அந்தக் கட்டளைக்குள் தேவனுடைய இருதயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தார், அந்தப் பக்கம் நடக்கச் சொன்னார்.

கலாத்தியர் 3:24-ல் நியாயப்பிரமாணத்தை அவர் "உபாத்தி" என்கிறாரே, மூல பாஷையில் அது பைதகோகோஸ். பிள்ளையைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிற வீட்டு அடிமை அவன். பிள்ளை வளர்ந்தபின் அவன் அதிகாரம் போய்விடும். ஆனால் ரோட்டைப் பார்த்துக் கடக்கச் சொல்லிக்கொடுத்தானே, அதைப் பிள்ளை மறந்துவிடுமா?

சிலர் கேட்கலாம்: "அடங்காத மகனைக் கல்லெறியச் சொல்லுதே, அடிமைகளை வைத்துக்கொள்ள அனுமதிக்குதே, அதிலும் தேவனுடைய இருதயம் இருக்கா பாஸ்டர்?" கஷ்டமான கேள்வி, மழுப்பக்கூடாது. ஆண்டவரே ஒரு திறவுகோல் கொடுத்திருக்கிறார். மத்தேயு 19-ல் தள்ளுதற்சீட்டைப் பற்றிப் பரிசேயர் கேட்டபோது, உங்கள் இருதய கடினத்தினிமித்தம் மோசே இடங்கொடுத்தார், ஆதிமுதல் அப்படியில்லை என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். அப்படியென்றால் நியாயப்பிரமாணத்துக்குள்ளேயே, தேவன் விரும்பினதும் உண்டு, கடினப்பட்ட ஜனத்துக்காகப் பொறுத்துக்கொண்டதும் உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறவன் இயேசுவின் வாயிலிருந்து வந்ததைக் கேட்கவில்லை.

இப்போது நம்முடைய சபைகளுக்கு வருவோம். மாதவிலக்கு நாட்களில் கர்த்தருடைய பந்தியில் சேரலாமா, பாட்டு நடத்தலாமா என்று சகோதரிகள் மெதுவாய் வந்து கேட்கிறார்கள். கேட்கவே கூச்சப்பட்டு, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அழுகிற பிள்ளைகளும் உண்டு. லேவியராகமம் 15-ஐக் காட்டி அவர்களை நிறுத்துகிறவர்கள் அதே அதிகாரத்தில் 16-ஆம் வசனத்தை வாசித்தார்களா? புருஷர்களுக்கும் அங்கே சாயங்காலம் மட்டும் தீட்டு எழுதியிருக்கிறது, அது எந்த மேய்ப்பனையும் பிரசங்க பீடத்திலிருந்து இறக்கினதாய் நான் கேள்விப்பட்டதில்லை. பன்னிரண்டு வருஷம் உதிரப் பாடுள்ள ஸ்திரீ ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள். அவர் என்ன செய்தார்? "மகளே" என்று அழைத்தார். குளித்துச் சாயங்காலம் மட்டும் ஒதுங்கியிருந்ததாக எழுதப்படவில்லை. நேரே யவீருவின் வீட்டுக்குப் போய், செத்த பிள்ளையின் கையைப் பிடித்தார். தீட்டு அவரிடத்துக்குப் போகவில்லை, அவருடைய சுத்தம் அவர்களிடத்துக்குப் போயிற்று. ஆகவே சகோதரிகளே, தாராளமாய்ப் பந்திக்கு வாருங்கள்.

நமக்குப் பாரமில்லாத கட்டளையை அடுத்தவர் தோளில் வைப்பதும், நம் பணப்பையைத் தொடுகிற கட்டளையை "பழைய ஏற்பாடு" என்று ஒதுக்குவதும் எத்தனை சுலபமாய் வருகிறது! மல்கியா 3:10 சபையில் எல்லாருக்கும் மனப்பாடம். தசமபாகம், வானத்தின் பலகணிகள். அதற்கு ஐந்து வசனம் முன்னே 3:5-ஐ யாராவது மனப்பாடமாய்ச் சொல்வீர்களா? கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்றவனையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாய்க் கர்த்தரே சாட்சியாய் வருவார் என்று அங்கே எச்சரிக்கிறார். ஊழியக்காரராகிய நாங்கள் பத்தாம் வசனத்தை மாத்திரம் காணிக்கை நேரத்தில் வாசித்துவிட்டுப் போவது நியாயமில்லை. உபாகமம் 14:28-29-ன்படி மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனுக்கு மாத்திரமல்ல, பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரியது.

கூலியை அன்றன்றே, பொழுது போகுமுன்னே கொடு என்று உபாகமம் 24:15 சொல்கிறது. ஆண்டவர் சொன்ன திராட்சத்தோட்ட உவமையிலும் எஜமான் சாயங்காலத்தில்தான் ஆட்களைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்கிறான், கவனித்தீர்களா? யாக்கோபு தன் நிருபத்தில், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று இதையே எடுத்து அடிக்கிறார். அந்நியபாஷை பேசுகிற விசுவாசி வீட்டில் வேலைக்காரம்மாவுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால் என்ன சொல்வது?

கடனைப் பற்றி ஒன்று. கடன் கொடுத்தவன் அடகு வாங்க ஏழையின் வீட்டுக்குள்ளே நுழையாமல் வெளியே நிற்கவேண்டும், அவனே கொண்டுவந்து கொடுப்பான் என்கிறது அதே அதிகாரம், 10, 11 வசனங்கள். பணம் வாங்கினவன் மனைவி பிள்ளைகள் முன்னே மானத்தோடு இருக்கவேண்டும் என்று கர்த்தர் பார்க்கிறார். பிழைப்புக்கான திரிகைக்கல்லை அடகாய் வாங்காதே என்பது ஆறாம் வசனம். இன்றைக்குத் தையல் மிஷினும் ஆட்டோவும்தான் திரிகைக்கல். வாரவட்டிக்கு விட்டுவிட்டு, தவணை தவறினால் வீட்டுக்குள் புகுந்து மிஷினைத் தூக்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை கைதட்டிப் பாடினால் அந்தத் துதி எங்கே போய்ச் சேரும்?

கைப்பிடிச் சுவரும் அப்படித்தான். 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. நாடே அழுதது. யாரையும் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. நம்மில் எத்தனை பேர் தோட்டத்தில் மூடாத குழி இருக்கிறது என்று போய்ப் பார்க்கும்படி எழுதுகிறேன். மூடாத குழியைப் பற்றி யாத்திராகமம் 21:33-லும் இருக்கிறது, அங்கே மாடும் கழுதையும் விழுவதற்கே பொறுப்புக் கேட்கிறார். அதேபோல் செப்டிக் டேங்க். பாதுகாப்புக் கருவியில்லாமல் அதில் மனிதனை இறக்கக்கூடாது என்று 2013-லேயே தேசத்தில் சட்டம் வந்துவிட்டது. "ஐந்நூறு ரூபாய் கூடத் தர்றேன், இறங்குப்பா" என்கிற வீட்டுக்காரர் மோசேயின் சட்டம் தனக்கில்லை என்று நினைத்தால், அந்த இரத்தப்பழி யார் வீட்டின்மேல் வரும்?

நம் சபையின் மாடி வேலை இந்த மாதம் ஆரம்பமாகிறது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குள் கூலி கையில் சேர்ந்துவிட வேண்டும் என்று பொருளாளரிடம் சொல்லியிருக்கிறேன். ஸ்பீக்கரும் ஜன்னல் திரையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மாடிக்கு ஏறுகிறதற்கு முன்னே நாலு பக்கமும் சுவர் எழும்பிவிட வேண்டும்; காணிக்கை கொடுக்க ஆவியானவர் யாரை ஏவுகிறாரோ, அவர்கள் செங்கல்லாகக் கொடுத்தாலும் சந்தோஷமாய் வாங்கிக்கொள்வோம்.