அடுப்படியும் ஓர் அமானிதமே!



ஷஃபான் மாதத்து ஜும்ஆ ஒன்றில், தொழுகை முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகு ஒரு சகோதரர் நம்மை அணுகினார். ஜவுளிக் கடையொன்றில் கணக்கெழுதும் நல்ல மனிதர். மூத்த மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டு அடுப்படியோ பாட்டனார் காலத்தது. சுவரெல்லாம் கரி, தரையெல்லாம் ஈரம்.

"ஹஜ்ரத்! மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அடுப்படி வரை வருவார்கள். அதற்குள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். வேலை எடுத்துச் செய்பவர் மூன்று இலட்சம் கேட்கிறார். கையில் நாற்பதாயிரம்தான் இருக்கிறது. மீதியை பேங்கில் வட்டிக்குத் தருகிறார்கள். வட்டி ஹராம் என்பது தெரியும். ஆனால் வீடு என்பது ளரூரத் ஆயிற்றே! ளரூரத்துக்கு ஹராமும் ஆகுமாகும் என்று பயானில் கேட்டிருக்கிறேனே!" என்றார்.

அடுப்படியைப் பற்றிய கேள்விதானே என்று தள்ளிவிட முடியவில்லை. இன்று நம் சமுதாயத்தில் எத்தனையோ பேர் வட்டியில் விழுவது வயிற்றுப் பசியால் அன்று. இப்படி ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக் கொண்டதால்தான்.

ஐந்து படித்தரங்கள்

இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் (வஃபாத்: ஹிஜ்ரி 911) 'அல் அஷ்பாஹ் வந்நளாயிர்' என்னும் நூலில் மனிதனின் நாட்டங்களை ஐந்தாகப் பிரித்துக் காட்டும் ஒரு கருத்தை எடுத்தெழுதியிருக்கிறார்கள். ளரூரத், ஹாஜத், மன்ஃபஅத், ஸீனத், ஃபுளூல் என்பவையே அவை. விலக்கப்பட்டதைத் தொடாவிட்டால் உயிர் போய்விடும், அல்லது போகும் நிலை வந்துவிடும் என்றால் அது ளரூரத். பசியால் சிரமம் உண்டு, ஆனால் சாவு இல்லை என்றால் அது ஹாஜத். இதற்காக நோன்பை விடலாமே தவிர ஹராமைத் தொடலாகாது. கோதுமை ரொட்டியும் ஆட்டிறைச்சியும் வேண்டும் என்று ஆசைப்படுவது மன்ஃபஅத். இனிப்புப் பண்டம் வேண்டும் என்பது ஸீனத். ஹராமிலும் சந்தேகமானதிலும் கைநீட்டித் தாராளம் காட்டுவது ஃபுளூல்.

இந்த உதாரணங்கள் எல்லாம் உணவைக் கொண்டே சொல்லப்பட்டிருப்பது நமக்கு எவ்வளவு வசதி! அப்படியே அவற்றை அடுப்படிக்குள் கொண்டு செல்லலாம்.

சிலிண்டரின் ரப்பர் குழாய் வெடித்துப் போயிருக்கிறது; அதை மாற்றுவது உயிர் காக்கும் காரியம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கி, ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு தீப்பற்றி எரிந்த செய்தி எட்டியபோது, நெருப்பு உங்களுக்கு எதிரி, உறங்குமுன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரீ ஷரீஃபில் பதிவாகியுள்ளது. புகை வெளியேற வழி செய்வதும், தண்ணீர் உள்ளே வருவதும், கழிவுநீர் தேங்காமல் ஓடுவதும் ஹாஜத். சாமான் வைக்கத் தட்டும் பரணும் மன்ஃபஅத். சுவர் முழுக்க ஒரே நிறத்தில் டைல்ஸ் பதிப்பது ஸீனத்; ஹலாலான பணத்தில் செய்தால் அதிலும் குற்றமில்லை. வருகிறவர்கள் வாய் பிளக்க வேண்டும் என்பதற்காக வட்டிப் பணத்தில் செய்வதோ, சந்தேகமின்றி ஐந்தாவது படி!

அந்தச் சகோதரரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "மூன்று இலட்சத்தில் முதல் இரண்டு படிகளுக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதிப் பாருங்கள்" என்றோம். மனக்கணக்கிலேயே அவர் விடை கண்டுவிட்டார். குழாய், மின்விசிறி, தரை வாட்டம், கொத்தனார் கூலி எல்லாம் சேர்ந்தும் கையிலிருக்கும் நாற்பதாயிரத்தைத் தாண்டவில்லை. அப்படியானால் வட்டிக்கு வாங்கவிருந்த பணம் முழுவதும் எதற்கு? பிறர் கண்களுக்கு! தேவை கடன் கேட்கவில்லை, சகோதரர்களே! கடன் கேட்டது அலங்காரம். அது தேவையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது, அவ்வளவுதான்.

இது யாருடைய ஹக்கு?

அதற்காக, "அடுப்படிக்குச் செலவழிப்பதே வீண்" என்று சொல்லும் கூட்டத்தில் நாம் சேரவில்லை. "மண்ணில் போடும் காசுக்குக் கூலி இல்லை என்று ஹதீஸில் வந்திருக்கிறதே" என்பார்கள். ஆம், ஹழ்ரத் கப்பாப் (ரலி) அவர்கள் அந்தக் கருத்தைக் கூறியது புகாரீயில் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்ன நேரத்தில் அவர்கள் தம்முடைய சுவர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதே அறிவிப்பில்தான் இருக்கிறது! தேவைக்கு மிஞ்சிய கட்டடத்தைப் பற்றியதே அந்தச் சொல் என்று இமாம்கள் விளக்கம் தந்துள்ளனர்.

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் (வஃபாத்: ஹிஜ்ரி 676) 'மின்ஹாஜ்' நம் மத்ரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் கிதாப். அதில் நஃபகாவின் பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். மனைவிக்குத் தானியம் கொடுப்பது மட்டும் கணவன் கடமையன்று. அதை அரைப்பதும் ரொட்டியாக்குவதும்கூட அவன் பொறுப்பு என்பதே அங்கு சரியானதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சொல். உண்ணவும் பருகவும் சமைக்கவும் வேண்டிய பாத்திரங்களும் அவனே தரவேண்டியவை. சட்டியும் குடமும்கூட அவளுடைய ஹக்கு என்று எழுதிய இமாமின் மத்ஹபில் இருந்துகொண்டு, "அடுப்படி பொம்பளைங்க சமாச்சாரம்" என்று நாம் எப்படிக் கைகழுவ முடியும்?

"ஹழ்ரத் ஃபாத்திமா (ரலி) அவர்கள் கை காய்த்துப் போகத் திரிகை சுற்றவில்லையா? வேலைக்கு ஆள் கேட்டபோது தஸ்பீஹ் அல்லவா கற்றுக் கொடுக்கப்பட்டது?" என்று கேட்கும் கணவன்மாரும் உண்டு. உண்மைதான். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களிடம் அன்று திண்ணைத் தோழர்களின் பசி நின்றுகொண்டிருந்தது. மகளைவிட அவர்களை முற்படுத்தினார்கள். ஆனால் அந்த வீட்டுக் கணவரைப் பாருங்கள்! தண்ணீர் இறைத்து இறைத்துத் தம் நெஞ்சு வலிப்பதாகச் சொன்னவர்கள் ஹழ்ரத் அலீ (ரலி) அவர்கள். மனைவியின் கையைப் பார்த்து, "தந்தையிடம் போய்க் கேளுங்கள்" என்று அனுப்பியவர்களும் அவர்களே. மனைவியின் கை காய்த்ததை ஆதாரமாக எடுப்பவர், கணவரின் நெஞ்சு வலித்ததையும் எடுத்துக்கொள்ளட்டும். முகப்பில் மார்பிளும் அடுப்படியில் புகையுமாக வீடு கட்டியவருக்கு அந்த ஹதீஸில் இடமில்லை.

புகை என்பது வெறும் கண் எரிச்சலும் அன்று. விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கேஸ் அடுப்பு வந்த பிறகும் கொல்லையில் ஒரு விறகடுப்பு நம் வீடுகள் பலவற்றில் எரிந்துகொண்டுதானே இருக்கிறது? பிறருக்குத் தீங்கிழைத்தலும் கூடாது, பதிலுக்குத் தீங்கிழைத்தலும் கூடாது என்ற கருத்துடைய நபிமொழி பக்கத்து வீட்டாருக்கு மட்டும்தானா? நம் வீட்டிற்குள்ளேயே இருமிக்கொண்டிருப்பவளுக்கு இல்லையா?

சிறுகச் சிறுக

அப்படியானால் வழி என்ன? கையிலிருப்பதைக் கொண்டு, மாதம் ஒன்றாகச் செய்வதுதான்.

இதைச் சிலர் ஏழ்மையின் அடையாளமாக நினைத்து வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? திருமறை 23 ஆண்டுகளில் சிறுகச் சிறுக இறங்கியது. மது ஒரே நாளில் விலக்கப்படவில்லை. குறைவாயினும் நீடித்துச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு உகப்பானது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள்.

இதில் நாம் காணும் பெரிய பயன் ஒன்றுண்டு. ஒரேயடியாகக் கடன் வாங்கிச் செய்பவனுக்கு 'எது முதலில்?' என்ற கேள்வியே எழுவதில்லை. எல்லாமே முதலில்! மாதம் இரண்டாயிரம் ஒதுக்கிச் செய்பவனோ, ஒவ்வொரு மாதமும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த மாதம் குழாயா, கண்ணாடி அலமாரியா? அவளுடைய முதுகா, வருகிறவர்களின் பார்வையா? அந்தப் பதிலில் அவனுடைய நிய்யத் வெளிப்பட்டுவிடும். நஃப்ஸைக் கணக்குக் கேட்பதை முஹாஸபா என்கிறோமே, அது தஸ்பீஹ் மணியோடு மட்டும் நடப்பதன்று. சிமெண்டு வாங்கிய பில்லோடும் நடக்கும்.

அந்த வரிசையை யார் முடிவு செய்வது? பச்சிளங் குழந்தையின் பால்குடி மறக்கடிப்பதைக்கூடக் கணவனும் மனைவியும் மனமொத்து ஆலோசித்துச் செய்யும்படி திருக்குர்ஆன் (2:233) வழிகாட்டுகிறது. நாள்தோறும் அவள் நிற்கும் இடத்தைப் பற்றி அவளைக் கேட்க வேண்டாமா? "வீட்டாரிடம் கேட்டு வாருங்கள்" என்று அந்தச் சகோதரரை அனுப்பி வைத்தோம்.

அடுத்த வாரம் வந்தார். முகம் வாடியிருந்தது. "ஹஜ்ரத், அவள் கிரானைட்டும் கேட்கவில்லை, அலமாரியும் கேட்கவில்லை. கொல்லைக் குழாயிலிருந்து உள்ளே ஒரு குழாய் இழுத்துக் கொடுங்கள் என்றாள். பதினொரு வருஷமாகக் குடத்தில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்குத் தோன்றவே இல்லை" என்றார்.

அன்றிரவு நாமும் நம் வீட்டில் அதே கேள்வியைக் கேட்டோம். முதலில் ஒன்றுமில்லை என்றார்கள். மீண்டும் கேட்டபோது, மேடைக்கடியில் கிடந்த ஒரு மணைப்பலகையைக் காட்டினார்கள். மேடையைக் கொத்தனார் தம் உயரத்துக்குக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். சமைக்கும் மேடை, நிற்பவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்க வேண்டும். நம் வீட்டாருக்கோ அது முழங்கைக்கு மேலே! ஆறு வருடமாகப் பலகைமேல் நின்று சமைத்திருக்கிறார்கள். இரண்டு முறை இடறியும் விழுந்திருக்கிறார்கள். அந்த ஆறு வருடமும் நாம் நஃபகாவின் பாடத்தை மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். அதற்கிடையில் ஒரு ரமளானில் கிடைத்த ஹதியாவில் முன்வாசலுக்குத் தேக்குக் கதவும் போட்டோம், வந்து போகிறவர்கள் பார்ப்பார்களே என்று. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணியில் இருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதிலளித்தார்களே, அந்த ஹதீஸையும் நாம் எத்தனை மேடைகளில் சொல்லியிருப்போம்! ஒரே ஒரு நாள் அடுப்படி மேடையருகில் நின்றிருந்தால் அந்தப் பலகை கண்ணில் பட்டிருக்கும்.

மறுமாதம் கடப்பாக்கல்லைப் பெயர்த்து, மேடையைக் குறைத்து, அதே கல்லை மீண்டும் பதித்தோம். அதற்கடுத்த மாதம் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. சுவர்ப் பூச்சு இன்னும் பாக்கி இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள்

சிறுகச் செய்வது வேறு. தள்ளிப் போடுவது வேறு. "பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்" என்று பத்து வருடம் சொல்லிக்கொண்டிருப்பது இன்ஷா அல்லாஹ்வுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இந்த மாதம் ஓர் ஆணியாவது அடிக்கப்பட்டதா என்பதே உரைகல். செலவழித்தால் வீண்விரயமும் செய்யாமல் கஞ்சத்தனமும் செய்யாமல் இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களே ரஹ்மானின் அடியார்கள் என்பது திருமறையின் (25:67) கருத்து. கஞ்சனும் சிக்கனம் என்ற பெயரில் ஒளிந்துகொள்வான்.

மற்றொன்று, கடன். வட்டியில்லாக் கடன்கூட இலேசானதன்று. கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்று காரணம் காட்டி, தொழுகையிலேயே கடனைவிட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அலமாரி ஜொலிக்கும் அடுப்படியில், தவணைக்காரர் கதவைத் தட்டும்போது பிள்ளையிடம் "அத்தா வீட்டில் இல்லை என்று சொல்" எனச் சொல்ல வேண்டி வந்தால், அங்கே சமைக்கும் சோற்றில் பரக்கத் எங்கிருந்து வரும்?

மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். அந்தச் சகோதரரின் அடுப்படியில் அன்று புதிதாக இருந்தவை ஒரு குழாயும், ஈரம் தங்காத தரையும், வெள்ளையடித்த சுவரும்தாம். சம்பந்தம் அமைந்ததா என்று நாம் கேட்கவில்லை. அது அல்லாஹ்வின் ஏற்பாடு. அமைந்தாலும் அமையாவிட்டாலும் அந்தக் குழாய் நல்ல குழாய்தான்; அந்த அம்மையாரின் இடுப்பில் இப்போது குடம் இல்லை.

குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்திருக்கிறார்கள். சுவர்ப் பூச்சு பாக்கி இருக்கும் அடுப்படியிலிருந்தும் அந்தக் கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போகலாம்.

நம் கைக்கு வந்த காசை அதற்குரிய ஹக்குதாரரிடம் சேர்க்கவும், பிறர் பார்வைக்காக ஹராமில் விழாமல் காத்துக்கொள்ளவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்தருள்வானாக! ஆமீன்.