சோறும் சித்திரமும்

சோற்றுக்காக வேறு வேலை செய்கிற கலைஞனின் கலை மாசுபட்டுவிடுமா? பட்டுவிடும் என்று சொல்கிறவர்கள் நம்மில் அநேகர். அவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள் என்பதுதான் வேடிக்கை.

எங்கள் காட்டூரில் ஓர் இளைஞர் இருக்கிறார். பகலெல்லாம் தொழிற்சாலையில் இரும்போடு மல்லாடுவார். இரவில் தூரிகை பிடிப்பார். “வேலையை விட்டால்தான் சார் நான் ஓவியனா?” என்று ஒருநாள் கேட்டார். தாயும் தங்கையும் அவரை நம்பியிருக்கிறார்கள். தத்துவம் பேசித் தப்பித்துக்கொள்ளக்கூடிய கேள்வியா இது? அவருக்கு நான் சோழமண்டலத்தின் கதையைச் சொன்னேன்.

எங்கள் உறையூரிலிருந்து ஆண்ட சோழர்களின் பெயரைத் தாங்கிய அந்த ஓவியர் கிராமம், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள விருந்தினர் விடுதியில் சில நாட்கள் தங்கியிருக்கிறேன். விசித்திரமான இடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஓயாமல் இரைகின்றன. உள்ளே மரநிழலில் கருங்கல் சிற்பங்கள் பேசாமல் நிற்கின்றன.

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கருக்கு ஒரு கவலை இருந்தது. படித்து முடித்த மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையை மறந்துவிடுகிறார்களே என்பதுதான் அது. எனவே அவர்கள் கூடிக் கைவினைப் பொருள்கள் செய்தார்கள். துணியில் உருக்கிய மெழுகை இட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் வேலை அவற்றில் முக்கியமானது. விற்ற பணத்தில் ஒரு பங்கைப் பொதுவில் சேர்த்து, சுமார் 10 ஏக்கர் மணல்வெளியை வாங்கினார்கள். 1966-இல் கிராமம் பிறந்தது.

ஸ்ரீரங்கத்துச் சத்திரங்களில் தங்கினால் தருமம் செய்தவரின் பெயரைக் கல்வெட்டில் படித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புரவலனை அண்டிய கலைஞனின் நிலையும் அதுவே. கொடுத்தவன் புகழைப் பாடியாக வேண்டும். இந்த விடுதியிலோ வாடகையைக் கொடுத்தேன், கணக்குத் தீர்ந்தது. படத்தைப் புகழும்படி என்னிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. எனக்குப் பிடித்தபடி வரையவேண்டுமென்று நானும் அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. துணியும் அறையும் விலைக்கு வந்ததால் சித்திரம் சுதந்திரமாக இருந்தது.

ஆபத்து இல்லாமல் இல்லை. துணி நன்றாக விற்கத் தொடங்கினால், “இன்னும் நாலு செய்வோமே” என்று கை ஆசைப்படும். அப்படியே வாழ்நாள் கழிந்துவிடலாம். கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த ஆசை நன்றாகவே தெரியும். வேறு வேலை செய்வது இழிவன்று. நாளில் எந்தப் பொழுது விற்பனைக்கு, எந்தப் பொழுது எந்த விலைக்கும் இல்லை என்று கோடு கிழித்துக்கொள்ளாததுதான் இழிவு. அந்தக் கோட்டைக் காப்பாற்றுகிறவனுக்குத் தொழிற்சாலைச் சங்கு எந்தக் கெடுதலும் செய்துவிடாது.