கன்னத்திற்கு வராத கண்ணீர்

காஞ்சிபுரத்தில் ஒரு மவ்த்து வீடு. ஓசையின்றிக் கண்ணீர் வடித்த தாயை 'ஸப்ர் இல்லாதவள்' என்றனர். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து கண் நனையாமல் நின்ற தந்தையைக் 'கல்நெஞ்சர்' என்றனர். ஒரே துயருக்கு இரு தீர்ப்புகள்!

இமைகளின் மூக்கோர முனையில், மேலொன்றும் கீழொன்றுமாக, ஊசிமுனையளவு இரு துளைகள் உள்ளன. புருவத்தின் வெளியோரத்திற்குக் கீழே சுரக்கும் நீர் விழியைக் கழுவி, இத்துளைகளில் இறங்கி, நுண்குழாய்கள் வழியே கண்ணீர்ப்பையை அடைந்து, மூக்கினுள் வடிகின்றது. ஒவ்வோர் இமைப்பும் அதனை உறிஞ்சித் தள்ளுகின்றது. சரிகை இழையில் விழி பதித்த நெசவாளர் இமைப்பது குறைவு. நீர் பரவாமல் அவர் கண் காய்ந்து எரியும். விழிநீர் ஓயாமல் ஊறுகின்றது. வடிகாலுக்கு மிஞ்சியதே கன்னத்தில் வழிகின்றது. அந்த மிச்சத்தை அளந்தா ஒருவர் நெஞ்சை நிறுப்பது?

ஹிஜ்ரி 10-இல் பச்சிளம் மகனார் இப்ராஹீம் மறைந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்ணீர் சிந்தினார்கள். வியந்து கேட்ட தோழரிடம், அது இரக்கம் என்றார்கள். அவர்கள் தடுத்தது ஒப்பாரியையும் உடை கிழிப்பதையுமே.

அந்தத் தந்தையோ, ஜனாஸா எடுக்கும்வரை துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கேட்டவர்களிடம் ஜலதோஷம் என்றார்.