பாட்டுக்கு உரியவள் யார்?

சிற்றாறு பாயும் இலஞ்சி வயல்களிலே நடவுப் பாட்டுப் பாடும் மூதாட்டி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். பல்கலைக் கழகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார். ஒலிப்பதிவுக் கருவியை அவள்முன் வைக்கிறார். அவள் பாடுகிறாள், அவர் பதிகிறார். ஈராண்டு கழிகிறது. பாட்டு ஆய்வேடாகிறது, ஆய்வேடு பட்டமாகிறது, பட்டம் பதவியாகிறது. பாடியவள் என்னவானாள்? பின்னிணைப்பிலே ‘தகவலாளர்’ ஆனாள்!

தகவலாளர்! தென்காசிப் பேருந்து எப்போது வரும் என்று சொல்பவருங்கூடத் தகவலாளர்தாமே! தாயிடமும் பாட்டியிடமும் கேட்டு நெஞ்சிலே சுமந்து வந்த செல்வத்தை அள்ளிக் கொடுத்தவளுக்கும் அதே பெயர்தானா?

மொழி, இலக்கியம், வரலாறு முதலான கலைத்துறைகளின் ஆய்வுக்குப் பணம் போதவில்லை எனப் பேராசிரியப் பெருமக்கள் முறையிடுகின்றனர். முறையீடு நியாயமானதே. 2023-இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சட்டம் இயற்றிய இந்திய அரசு, ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டம் சொன்னது. அதிலே கலைத்துறைகளுக்குரிய இடம், அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் அவை தொட்டு நிற்கும் எல்லை மட்டுமே. கூடத்தில் இலை இல்லை; திண்ணையில் உட்காரலாம்! சென்னைப் பல்கலைக் கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1913-இல் ஓர் இலட்சம் ரூபாய் மதிப்பீட்டோடு தொடங்கி, 1936-இல் முடிந்தபோது செலவு நான்கு இலட்சத்தைத் தாண்டிவிட்டிருந்தது. நடுவிலே கணக்கை மூடியிருந்தால் தமிழுக்கு அந்தப் பெருநூல் ஏது? ஆகவே பணம் வேண்டும், பொறுமையும் வேண்டும் என்பதிலே நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. வருகிற பணமும் புகழும் எவரோடு நின்றுவிடுகின்றன என்பதே நமது கேள்வி.

புதிய கேள்வியன்று இது. இலஞ்சிக்கு அண்மையிலுள்ள மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கர் மகிழ்ந்து நிலம் வழங்கினார். ‘குறவஞ்சி மேடு’ என்று அந்நிலத்துக்குப் பெயரும் அமைந்தது. கவிராயரின் புலமைக்கு அப்பரிசு தகும், மறுப்பாரில்லை. ஆனால் நூலின் உயிரான குறி சொல்லும் கலை எவருடையது? மலைவளம் பாடும் குறத்தி எக்குடியைச் சேர்ந்தவள்? பாட்டிலே அவள் அணிகலன் பெற்றாள். நாட்டிலே? குறத்தியின் பெயரால் மேடு வந்தது. குறவருக்கு ஒரு பிடி மண் வரவில்லை. பின்னர் வந்த வெள்ளை அரசு, 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணைகொண்டு, குறவருள் பல குழுவினரைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியலிட்டது. நாடு முழுவதும் அக்கொடுமை நீங்கியது 1952-இல்தான். மேடையிலே குறத்திக்குக் கைதட்டல். காவல் நிலையத்திலே குறவருக்குக் கைரேகை!

பங்கு கொடுக்க வழியே இல்லையோ என்றால், இருக்கிறது. குற்றால மலைக்குத் தெற்கே, அதே தொடரில் எழுந்து நிற்பது அகத்தியர் மலை. 1987-இல் அங்கே சென்ற தாவர ஆய்வாளருக்கு, களைப்பை நீக்கும் ஆரோக்கியப் பச்சை என்னும் செடியின் கனியைக் காட்டியவர்கள் வழித்துணையாக வந்த காணிக்காரர்கள். திருவனந்தபுரம் அருகே பாலோட்டிலுள்ள தாவர ஆய்வு நிலையம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது; 1995-இல் அதைச் செய்து விற்கும் உரிமையைப் பத்து இலட்சம் ரூபாய்க்குக் கோவை நிறுவனம் ஒன்றுக்குத் தந்தது. அதிலே பாதி காணிக்காரருக்கென ஒதுக்கப்பட்டது. காணிக்காரர் எல்லோரையும் கலந்து பேசவில்லை என்ற குறையும் எழுந்தது. அது மெய்யான குறை. எனினும் பாதி என்ற பேச்சாவது எழுந்ததன்றோ? செடியைக் காட்டியவனுக்குப் பங்கு உண்டென்றால், பாட்டைக் கொடுத்தவளுக்கு ஏன் இல்லை?

காசு கொடுத்தால் காசுக்காகப் பொய்ப்பாட்டுப் பாடுவார்கள் என்கின்றனர் சிலர். மாதந்தோறும் ஊதியம் பெறும் பேராசிரியர் உண்மை எழுதுவார். ஒருநாள் கூலியை இழந்து பாடியவள் மட்டும் ஊதியம் பெற்றால் பொய் சொல்வாளாம்! இவ்வாதத்தைக் கேட்டுச் சிரிப்பதன்றி வேறென் செய்வது?

மற்றொரு தடை உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. நாட்டுப்பாட்டு தனியொருத்தியின் சொத்தா? ஊரே பாடுகிறது, எவளுக்கென்று கொடுப்பது? உண்மைதான். பாடிய உழைப்பு அவளுடையது. அதற்குரிய ஊதியம் அவளுக்கு. பாட்டு ஊருடையது, ஆகவே ஒலிப்பதிவின் படியும் அச்சேறிய நூலும் அவ்வூர்ப் பள்ளிக்கும் படிப்பகத்துக்கும் வந்து சேரட்டும். எதை அச்சிடலாம், எதை அச்சிடலாகாது என்று அவளைக் கேட்கட்டும்.

நா. வானமாமலை 1964-இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுத்தபோது, திரட்டித் தந்த ஊர்ப்புறத் தோழர்களின் பெயரைப் பாடல்களின் அடியிலே அச்சிட்டார். திரட்டிய இடத்தையும் குறித்தார். 1967-இல் அவரைச் சூழ்ந்து தோன்றிய நெல்லை ஆய்வுக் குழு எந்தப் பல்கலைக் கழகத்தின் துறையுமன்று. அங்கே வழங்கப்பட்ட மதிப்பு, கோடிக்கணக்கில் நிதி கேட்கும் இடங்களில் வழங்கப்படுகிறதா? ‘சேகரித்தவர்’ என்ற வரிக்குக் கீழே ‘பாடியவர்’ என்றும் ஒரு வரி எழுத எவ்வளவு மை செலவாகும்?

இரு நாட்டுப் பல்கலைக் கழகங்கள் கைகோத்தால் கூட்டாய்வு என்கின்றனர். அந்தக் கூட்டிலே மூன்றாவது கை நாற்று நட்ட கை. நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் கருவிக்கு ஒரு கட்டம், பயணத்துக்கு ஒரு கட்டம், கருத்தரங்க விருந்துக்கும் ஒரு கட்டம் வரைகிறார்கள். பாடுபவளின் ஊதியத்துக்கும் ஒன்று வரையட்டும். அது காலியாக இருந்தால், நிதி வழங்குவோர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பட்டும்.